கருப்பையில் குறை தேடும் கருவியும் சேரிக்குத் தாமதமாக வரும் சேதியும்

1

வயிற்றில் வளரும் கருவுக்கு ஏதாவது குறை இருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேன் பற்றி நம் கூட்டங்களில் மூன்று குரல்களைக் கேட்கிறேன். மூன்றும் நம்ம ஆட்களின் குரல்கள்தான். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

முதல் குரல் பெண்ணியம் பேசும் தோழர்களுடையது. "அந்த மெஷினே பெண் சிசுவைக் கொல்ல வந்த மெஷின், இழுத்து மூடணும்" என்கிறது. இரண்டாவது குரல் படித்து வேலைக்குப் போன தம்பிகளுடையது. "ஊனமான பிள்ளை பிறக்காமல் தடுப்பதுதானே விஞ்ஞானம்? சேரிக்கு ஆரோக்கியமான அடுத்த தலைமுறை வேண்டாமா?" என்கிறது. மூன்றாவது குரல் நாட்டார் பெருமை பேசுகிறது. "எங்க அப்பாயி வரப்புல பெத்துப்போட்டு, கொடியை அருவாளால அறுத்துட்டு, மறுபடி நடவுல இறங்குனா. ஸ்கேன் எல்லாம் அக்ரகாரத்துச் சொகுசு" என்கிறது.

மூன்றாவது குரலுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் நடவு நட்டவளின் மகள். வரப்பில் பெற்ற அப்பாயிகளிடம் நான் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். பெத்தது எத்தனை, மிஞ்சுனது எத்தனைன்னு கேட்டுப் பாருங்க. விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்திவிடுவார்கள். பண்ணையாள் பெண் பிரசவம் முடிந்ததும் வயலில் இறங்கியது வீரத்தினால் அல்ல. இறங்காவிட்டால் மிராசுதார் வீட்டுக் காரியக்காரன் வாசலில் வந்து நிற்பான். சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த ஊர் இது. 1940களில் களப்பால் குப்புவும் பி. சீனிவாசராவும் செங்கொடியோடு வந்து அதை நிறுத்த வேண்டியிருந்தது. அடிமைத்தனத்தைப் பாரம்பரியமென்று பாட்டுக் கட்டுவதை நாம் நிறுத்திக்கொள்வோம்.

முதல் குரலில் உண்மை இருக்கிறது. கருவிலேயே பெண்ணென்று கண்டு கலைப்பதைத் தடுக்க 1994-ல் சட்டம் வந்தது, 1996 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது, 2003-ல் இன்னும் கடுமையாக்கப்பட்டது. அப்படியும் 2011 மக்கள்தொகைக் கணக்கில், ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லாத மாவட்டங்களாகக் கடலூரும் அரியலூரும் நின்றன. கொள்ளிடத்தைத் தாண்டினால் அந்த ஊர்கள்தான். ஆனால் மெஷினை மூடினால் யாருக்கு மூடும்? காரும் காசும் உள்ளவன் பெங்களூர் போய்ப் பார்த்துக்கொள்வான். மூடப்படுவது நடவுப் பெண்ணின் வாசலில் மட்டும்தான். ஆண், பெண் பார்த்துச் சொல்வது குற்றம். கருவுக்கு மூளை வளர்ந்திருக்கிறதா, முதுகெலும்பு மூடியிருக்கிறதா என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் வைப்பதும் குற்றம்தான். இரண்டாவது குற்றத்துக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு உண்மையான சண்டை இரண்டாவது குரலோடுதான். ஏனென்றால் அது நம்மையே வெட்டுகிற கத்தியை நம் கையில் கொடுக்கிறது.

2

இந்தக் கருவி எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ என்று கப்பல் கட்டும் நகரம். அங்கே இரும்புத் தகட்டில், கொதிகலன் பற்றவைப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று தேட ஒலியலையைப் பயன்படுத்தினார்கள். மனிதக் காதுக்கு எட்டாத ஒலி, வினாடிக்கு 20,000 அதிர்வுக்கும் மேலே. உள்ளே போய் மோதித் திரும்புகிற எதிரொலியை வைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று கணிப்பது. வௌவால் இருட்டில் பறப்பதும் இப்படித்தான். ஐயன் டொனால்ட் என்ற மகப்பேறு மருத்துவர் 1955-ல், அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் வைத்துக்கொண்டு பாப்காக் அண்ட் வில்காக்ஸ் என்ற கொதிகலன் கம்பெனிக்குப் போய் அந்தக் கருவியில் வைத்துப் பார்த்தார். 1958-ல் லான்செட் பத்திரிகையில் கட்டுரை வந்தது. இரும்பில் விரிசல் தேடிய கருவி மனித வயிற்றுக்கு வந்து சேர்ந்த கதை இதுதான்.

கருவி அப்பாவி. எதிரொலியைக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. 'இது விரிசல், இது கழிவு, இதைத் தூக்கி எறி' என்று தீர்ப்புச் சொல்வது மனிதன். அந்தத் தீர்ப்பு எந்தப் புத்தகத்திலிருந்து வருகிறது என்பதுதான் நம் கேள்வி.

நம் நாட்டில் பிறப்பில் குறை தேடுகிற வேலைக்கு மெஷின் தேவைப்பட்டதில்லை. மனுதர்மத்தின் பதினோராவது அத்தியாயத்தைப் புரட்டுங்கள். பொன் திருடியவனுக்கு நகம் சொத்தை, கள் குடித்தவனுக்குப் பல் கருப்பு என்று வரிசையாகப் போகிறது. குருடும் செவிடும் ஊமையும் உருக்குலைந்தவர்களும் முன்வினையின் மிச்சத்தால் அப்படிப் பிறந்தார்கள், நல்லவர்கள் அவர்களை இகழ்வார்கள் என்று முடிகிறது. சாந்தோக்கிய உபநிடதம் கருப்பைகளையே தரம் பிரித்து வைத்திருக்கிறது. நல்லொழுக்கத்துக்குப் பிராமணக் கருப்பை. தீயொழுக்கத்துக்கு நாயின் கருப்பை, பன்றியின் கருப்பை, சண்டாளக் கருப்பை.

தோழர்களே, இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஊனத்தோடு பிறந்தவனையும் சேரியில் பிறந்தவனையும் ஒரே கணக்கில் எழுதி வைத்திருக்கிறான். இரண்டு பேரும் பாவத்தின் விளைச்சல். இரண்டு பேரின் பிறப்பிலும் பிழை. அப்படி எழுதப்பட்ட நாம், கையில் ஸ்கேன் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு 'குறையான பிறப்பு வேண்டாம்' என்று பேசினால் யாருடைய வாய் நமக்கு முளைத்திருக்கிறது? 1939-ல் ஜெர்மனியில் இட்லர் கையெழுத்துப் போட்டு ஊனமுற்றோரைக் கொல்லும் திட்டம் தொடங்கினான். இரண்டே வருசத்தில் எழுபதாயிரம் பேருக்கு மேல் வாயு அறைகளில் செத்தார்கள். யூதர்களைக் கொல்லப் பழகிய இடம் அதுதான். சுத்த ரத்தம் பேசுகிறவன் முதலில் எவன் வீட்டுக் கதவைத் தட்டினாலும் கடைசியில் நம் தெருவுக்கு வருவான்.

3

சரி, அப்படியானால் ஸ்கேன் வேண்டாமா? வேண்டும். எங்கள் பெண்களுக்கு வேண்டும், காலத்தில் வேண்டும். ஏன் என்று ஒரு நடந்த விசயத்தை வைத்துச் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம்.

2014 குறுவை நடவு நேரம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு பெண், இரண்டாவது கர்ப்பம். நர்சம்மா ஸ்கேன் எடுக்கச் சொல்லி ஒரு மாதமாகிவிட்டது. புருசன் திருப்பூரில். நடவுக் கூலி கைக்கு வந்த பிறகுதான் டவுனில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டருக்குப் போக முடிந்தது. அப்போது இருபத்தோராவது வாரம். ரிப்போர்ட் முழுக்க இங்கிலீசு. "என்னங்க எழுதியிருக்கு?" என்று கேட்டதற்கு "பெரிய ஆசுபத்திரிக்குப் போம்மா" என்று மட்டும் பதில். நான் கூடப் போனேன். பெரிய ஆசுபத்திரியில்தான் தெரிந்தது, குழந்தைக்கு மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் வளரவே இல்லை. பிறந்தாலும் தங்காது. "இப்ப என்னங்க செய்யிறது?" "இருபது வாரம் தாண்டிருச்சு, சட்டத்துல இடமில்ல."

அவ்வளவுதான். அந்தப் பெண் தெரிந்தே சுமந்தாள். எட்டாம் மாதத்தில் தாளடி நடவுக்கும் போனாள், போகாமல் எப்படிச் சாப்பிடுவது? "நல்லா இருக்கியா, எத்தனாவது மாசம்?" என்று வழியில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சிரித்துப் பதில் சொன்னாள். பிறந்த குழந்தை ஒரு மணி நேரம்கூட இல்லை. "என்ன பாவம் பண்ணுனாளோ" என்று தெருவில் பேசினார்கள். மனு எங்கள் தெருவிலும் குடியிருக்கிறான், இல்லையென்று யார் சொன்னது?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மண்டையோடு வளராத கரு பன்னிரண்டு, பதின்மூன்று வாரத்து ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். முதுகெலும்பு, இருதயம், சிறுநீரகம் எல்லாம் பதினெட்டிலிருந்து இருபது வாரத்தில் விரிவாகப் பார்க்க முடியும். 1971-ல் வந்த கருக்கலைப்புச் சட்டம் இருபது வாரத்தில் கதவைச் சாத்தியது. ஆக, விரிவான ஸ்கேனுக்கும் சாத்திய கதவுக்கும் நடுவில் கிடைத்தது அதிகபட்சம் இரண்டு வாரம். காசுள்ளவள் பன்னிரண்டாவது வாரத்திலேயே பார்த்துவிட்டாள், அவளுக்கு இந்தச் சட்டம் ஒரு தடையே இல்லை. தாமதமாக வந்தவளுக்குத்தான் கதவு சாத்தியிருந்தது. யார் தாமதமாக வருகிறாள்? எவளுக்குக் கூலி வந்தபிறகு மட்டும் பஸ் ஏற முடியுமோ அவள். இந்தத் தாமதத்துக்குச் சாதி இருக்கிறது, தோழர்களே. தேதி பார்த்தால் எல்லோருக்கும் ஒரே காலண்டர் மாதிரித்தான் தெரியும்.

2008-ல் மும்பையில் ஒரு தம்பதி, கருவின் இருதயத்தில் அடைப்பு என்று இருபத்துநாலாவது வாரத்தில் தெரிந்து, டாக்டர் நிகில் தத்தாரோடு சேர்ந்து உயர்நீதிமன்றம் போனார்கள். மறுத்துவிட்டார்கள். நாடே பேசியது. அதற்குப் பிறகு பலர் வழக்குப் போட்டு, 2016, 2017-ல் உச்சநீதிமன்றம் சில பேருக்கு அனுமதி கொடுத்தது. கடைசியில் 2021-ல் சட்டம் திருத்தப்பட்டது. கருவில் கடுமையான குறை என்று மருத்துவக் குழு சொன்னால் வார வரம்பே இல்லை. குழு மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும் என்று விதியும் வந்தது. நல்லது. அந்த வழக்குகளைப் போட்டவர்களுக்கு நன்றி. ஆனால் 1971-க்கும் 2021-க்கும் நடுவில் ஐம்பது வருசம். கோர்ட்டு வாசல் தெரியாமல், தெரிந்தே சுமந்த பெண்கள் எங்கள் தெருக்களில் எத்தனை பேர்? அவர்கள் பேரில் வழக்கு எண் எதுவும் கிடையாது.

புதிய சட்டத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பெண் வந்து 'என்னால முடியல, எனக்கு வேண்டாம்' என்றால் வாரத்தை எண்ணுகிறது. 'பிள்ளைக்குக் குறை' என்று டாக்டர்கள் கையெழுத்துப் போட்டால் மட்டும் எண்ணுவதை நிறுத்துகிறது. அதாவது அவளுடைய சொல்லுக்கு மதிப்பில்லை, கருவின் குறைக்குத்தான் மதிப்பு. பெண்ணின் உரிமை என்று கொடுக்கவில்லை, குறையை அகற்றும் வசதி என்று கொடுத்திருக்கிறார்கள். பெண்ணையும் நம்பவில்லை, ஊனமுற்றவரையும் மதிக்கவில்லை. ஒரே பிரிவில் இரண்டு பேருக்கும் அவமானம்.

4

இனி வயிற்றிலிருந்து வயலுக்கு வருவோம். குறை எங்கே உண்டாகிறது என்று கேட்காமல் குறையைப் படம் மட்டும் எடுக்கிற விஞ்ஞானம் அரை விஞ்ஞானம்.

கருவின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற குழாய், கரு உண்டாகி இருபத்தெட்டு நாளுக்குள் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் மண்டையோடு இல்லாத குழந்தை, முதுகு பிளந்த குழந்தை. இது மூட ஃபோலிக் அமிலம் வேண்டும். 1991-ல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வில், ஏற்கெனவே இப்படிப் பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே அந்த மாத்திரை கொடுத்தார்கள். மறுபடி அப்படிப் பிறப்பது 72 விழுக்காடு குறைந்தது. மாத்திரை விலை காசுக்கணக்கு.

இங்கே என்ன நடக்கிறது? பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்தால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, 2018-லிருந்து 18,000 ரூபாய். பதிவு செய்யும்போது மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் குழாய் மூடுகிற இருபத்தெட்டு நாளில், தான் கர்ப்பம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாது. நர்சம்மா கையில் மாத்திரை வரும்போது அந்த வேலை முடிந்துபோயிருக்கும். நாலாவது வாரத்தில் இல்லாத சத்தை இருபதாவது வாரத்தில் மெஷின் கண்டுபிடிக்கிறது. இதற்குப் பேர் முன்னேற்றமா?

தஞ்சாவூர் நெற்களஞ்சியம் என்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் எங்கள் ஆட்கள் தூக்கிப்போடுகிற மூட்டை மில்லுக்குப் போய், தவிடும் சத்தும் போகப் பட்டை தீட்டி, ரேஷன் கடையில் வெள்ளையாக வந்து நிற்கிறது. அப்புறம் 2021-ல் ஒன்றிய அரசு இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் கலந்த அரிசி தருவதாக அறிவித்தது. வயலில் விளைந்ததை உரித்துவிட்டு ஆலையில் ஒட்டவைப்பது. அதே வயலின் வரப்பில் ஆரைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை எல்லாம் சும்மா கிடந்தன. களை எடுக்கப் போன பெண்கள் மடி நிறையப் பறித்து வந்தார்கள். களைக்கொல்லி வந்தது. கீரையும் போச்சு, களையெடுப்புக் கூலியும் போச்சு. பி12 மாட்டுக்கறியில் நிறைய இருக்கிறது. அதைத் தின்றதற்காகத்தானே எங்களை ஊருக்கு வெளியே வைத்தீர்கள்? பிறகு அந்தச் சத்தையே தூளாக்கி அரிசியில் கலந்து கொடுத்தீர்கள். நாட்டின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. ஸ்கேன் இதைப் படம் எடுக்காது.

அடுத்தது மருந்து. பூச்சிமருந்து டேங்கை முதுகில் கட்டிக்கொண்டு அடிக்கிறவன் யார்? அந்தச் சட்டையைத் துவைக்கிறவள் யார்? அடித்த வயல் தண்ணீரில் முழங்கால் வரைக்கும் நிற்கிறவள் யார்? கேரளத்தில் காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது வருசத்துக்கும் மேலாக எண்டோசல்பானை விமானத்திலிருந்து தெளித்தார்கள். அந்த ஊர்களில் தலை பெருத்தும் கைகால் திருகியும் பிள்ளைகள் பிறந்ததை நாடு பார்த்தது. 2011-ல் உச்சநீதிமன்றம் தடை போட்டது. 2017-ல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு ஐந்து லட்சம் கொடு என்று கேரள அரசுக்கு உத்தரவிட்டது. அங்கே மக்கள் போராடியதால் பேர் வந்தது.

1994 சட்டத்தை ஒழுங்காகப் படித்தவர்களுக்குத் தெரியும். எந்தக் கர்ப்பிணிக்குக் கருவின் குறை பார்க்கும் சோதனை செய்யலாம் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. முப்பத்தைந்து வயதைத் தாண்டியவள், இரண்டு முறையோ அதற்கு மேலோ கரு கலைந்தவள், குடும்பத்தில் பரம்பரை நோய் உள்ளவள். அதோடு, கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து, கதிர்வீச்சு, தொற்று, ரசாயனம் ஆகியவற்றுக்கு ஆட்பட்டவள். ரசாயனம்! சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அப்படியானால் பூச்சிமருந்து வயலில் நடவு நடுகிற ஒவ்வொரு கர்ப்பிணியும் அந்தப் பட்டியலில் வருகிறவள்தானே? ஸ்கேன் சென்டரில் படிவம் நிரப்பும்போது "நீ என்ன வேலை செய்யிற, என்ன மருந்து அடிச்ச வயல்ல நின்ன?" என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டு எழுதினால் அந்தப் படிவங்களே நாளைக்கு மருந்துக் கம்பெனிக்கு எதிரான சாட்சி.

வெயில் இன்னொன்று. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2024-ல் வெளியான ஆய்வில், கடும் வெக்கையில் வேலை செய்யும் பெண்களுக்குக் கரு கலையும் ஆபத்து இரண்டு மடங்கு. பாபாசாகேப் 1928-லேயே பம்பாய் சட்டசபையில் எழுந்து, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கொடுப்பது நாட்டின் நலனுக்கே அவசியம் என்று ஆலைப் பெண்களுக்காக வாதாடினார். 1961-ல் மகப்பேறு சட்டம் வந்தது, 2017-ல் விடுப்பு 26 வாரமானது. வயலில் நிற்கிறவளுக்கு அதில் ஒரு நாளும் வரவில்லை.

5

சுகாதாரத் துறை சொல்கிற இன்னொரு காரணம், சொந்தத்தில் கல்யாணம். உண்மைதான். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்துக்குள் நடக்கிறது. அக்கா மகள், மாமன் மகள். இரண்டு பக்கமும் ஒளிந்திருக்கிற பழுது ஒன்று சேர்ந்தால் பிள்ளைக்கு நோய் வெளிப்படும். அதில் பலவும் ஸ்கேனில் தெரியக்கூடத் தெரியாது.

"நெருங்கிய உறவில் திருமணம் செய்யாதீர்" என்று ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் எழுதுகிறார்கள். எழுதட்டும். நான் கேட்கிறேன், "சாதிக்குள் திருமணம் செய்யாதீர்" என்று எழுத அந்தத் துறைக்குத் துணிச்சல் இருக்கா? சாதி என்பதே அகமணம்தான் என்று 1916-ல் கொலம்பியாவில் இருபத்தைந்து வயது மாணவராக அம்பேத்கர் வாசித்தார். நூறு வருசம் கழித்து, 2017-ல், ஐதராபாத்தின் கே. தங்கராஜும் மற்ற விஞ்ஞானிகளும் மரபணுவில் அதையே கண்டார்கள். தெற்காசியாவில் 263 குழுக்களைச் சோதித்ததில் 81 குழுக்கள், தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்டதால், பரம்பரை நோய்க்குப் பேர்போன பின்லாந்துக்காரர்களையும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களையும் விடக் குறுகிப்போயிருக்கின்றன. வைசியர்களில் சிலருக்கு அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்தின் வேகம் சீக்கிரம் தெளிவதில்லை, அதற்கும் இப்படி வந்த ஒரு மரபணுக் குறைதான் காரணம். சுத்த ரத்தம், சுத்த ரத்தம் என்று கட்டிக் காத்தது எதை என்று இப்போது தெரிகிறதா?

ஆக, குறை சேரியின் கருப்பையில் இல்லை. சாதியின் வேலியில் இருக்கிறது. அந்த வேலியைத் தாண்டினால் என்ன நடக்கிறது? 2024 தொடக்கத்தில், இதே தஞ்சை மாவட்டத்தில் பட்டுக்கோட்டைப் பக்கம், தலித் இளைஞனைக் கட்டிய பத்தொன்பது வயதுப் பெண் கொலை செய்யப்பட்டு எரிக்கப்பட்டாள். கைதானவர்கள் பெற்றவர்கள். வெண்மணியில் 1968-ல் எங்கள் நாற்பத்துநாலு பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்திய தீ அணையவில்லை, இப்போது சொந்த மகளையும் எரிக்கிறது. கருவில் குறை வராமல் தடுக்க வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்படுகிற அரசு, முதலில் சாதி மறுத்துக் கட்டுகிறவர்கள் உயிரோடு இருக்க வழி செய்யட்டும்.

6

இரண்டாவது குரலுக்குத் திரும்புகிறேன். ஊனமான பிள்ளை பிறக்காமல் தடுப்பதுதான் லட்சியம் என்று சொல்கிற தம்பிக்கு.

எங்கள் அத்தை மகன் ஒருவருக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். ஊருக்குள் அவருக்கு இரண்டு பேர் உண்டு. ஒன்று சாதிப் பேர், இன்னொன்று ஊனப் பேர். சொந்தப் பேர் கூலிப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. அவரைப் பார்த்து 'இவன் பிறந்திருக்கக் கூடாது' என்று நினைக்கிறவனும், என்னைப் பார்த்து 'இவளுக்கெல்லாம் எதுக்குப் படிப்பு' என்று நினைக்கிறவனும் ஒரே ஆள்தான். அவருக்குச் சைகை மொழி சொல்லிக்கொடுக்கிற பள்ளி நடந்து போகும் தூரத்தில் இருந்திருந்தால், அவருடைய குறை என்று எதைச் சொல்லியிருப்போம்?

முன்பு நமக்கு ஹரிஜன் என்று பேர் வைத்தார்கள், கிணறு மட்டும் திறக்கவில்லை. இப்போது மாற்றுத்திறனாளி என்று பேர் வைத்திருக்கிறார்கள், தாலுகா ஆபீசில் சாய்தளம் இருக்கிறதா போய்ப் பாருங்கள். 2016 சட்டம் இருபத்தொரு வகை ஊனத்தை அங்கீகரிக்கிறது. வருமுன் கண்டு சிகிச்சை கொடுக்க மாவட்டத்துக்கு ஒரு தொடக்கநிலை மையம் என்று 2013-லேயே திட்டம் வந்தது. கோடியக்கரையிலிருந்து மூளைத்தளர்ச்சி உள்ள பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஒரு கூலிக்காரி வாரம் இரண்டு முறை மாவட்டத் தலைநகருக்குப் போய் வர முடியுமா? முடியாது என்று தெரிந்தே போட்ட திட்டம்.

இந்த நிலையில் ஒரு பெண், 'இந்தப் பிள்ளையை வளர்க்க எனக்குத் தெம்பில்ல, கலைச்சிடறேன்' என்றால் அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. உங்களுக்கும் இல்லை. இன்னொருத்தி, 'டவுன் சிண்ட்ரோமா இருந்தா இருக்கட்டும், எம்புள்ளதானே' என்றால் அவளை மூடத்தனம் என்று சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை. முதலாமவளுக்குக் கதவு சாத்தப்படக் கூடாது. இரண்டாமவளை டாக்டரும் மாமியாரும் சேர்ந்து நெட்டித் தள்ளக் கூடாது. முடிவு அவளுடையது. புருசனுடையது அல்ல, இயக்கத்துடையதும் அல்ல. இயக்கத்தின் வேலை, அவள் எந்த முடிவு எடுத்தாலும் அதோடு வாழ முடிகிற மாதிரி ஊரை மாற்றுவது.

ஸ்கேன் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதும் அவளுக்குத் தெரிய வேண்டும். இருதயத்துக் குறை பல நேரம் தப்பிவிடும். டவுன் சிண்ட்ரோமை ஸ்கேன் நிச்சயமாகச் சொல்லாது, கழுத்துப் பின்னால் நீர் அளவு பார்த்து வாய்ப்பு இவ்வளவு என்று மட்டும் சொல்லும். நிச்சயமாகத் தெரிய வேறு சோதனை வேண்டும். 'எல்லாம் நார்மல்' என்பது வாக்குறுதி அல்ல. 'ஏதோ இருக்கு' என்பது தீர்ப்பும் அல்ல. உதடு பிளந்த பிள்ளையை ஆபரேசனில் சரி செய்யலாம், மண்டையோடு இல்லாததைச் சரி செய்ய முடியாது. இரண்டையும் 'குறை' என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிக் கையில் கொடுப்பது வைத்தியம் இல்லை.

7

படிக்கிற தம்பி தங்கைகளுக்கும் களத்தில் நிற்கிற தோழர்களுக்கும் சொல்கிறேன். தஞ்சாவூரில் நம் பெண்கள் பிரசவத்துக்குப் போகிற அரசு மருத்துவமனைக்கு ராஜா மிராசுதார் பேர் இருக்கிறது. அந்த மிராசின் காசு எந்தச் சேற்றிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியும். ஆகவே அங்கே நாம் கேட்கப் போவது தருமம் இல்லை, பாக்கி.

பன்னிரண்டாவது வாரத்திலும் பதினெட்டாவது வாரத்திலும் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பயிற்சி பெற்ற கையால் இலவச ஸ்கேன், வட்டார மருத்துவமனையிலேயே. போகிற அன்றைக்குக் கூலி இழப்புக்கு ஈடு, பஸ்சுக்குக் காசு.

ரிப்போர்ட் தமிழில். தனியறையில் உட்காரவைத்து, அவள் கேட்கும் கேள்வி தீரும் வரைக்கும் விளக்கம்.

கருத்தரிக்கும் வயதுள்ள பெண்கள் எல்லோருக்கும், கர்ப்பம் பதிவாகும் வரைக்கும் காத்திருக்காமல், ஃபோலிக் அமிலம்.

கர்ப்பிணிக்கு நடவு மாதங்களில் கூலியோடு ஓய்வு. மருந்தடித்த வயலில் இறக்கினால் நிலக்காரன் மேல் வழக்கு.

ஊனமுற்ற பிள்ளைக்கு ஒன்றியத்துக்கு ஒரு சிகிச்சை மையம், பக்கத்திலேயே பள்ளி, வளர்க்கும் தாய்க்கு மாதச் சம்பளம். உதவித்தொகை என்ற பிச்சைக்காசு வேண்டாம்.

இதையெல்லாம் மனுவாக எழுதிக் கலெக்டர் ஆபீஸ் பெட்டியில் போட்டுவிட்டு வருவதோடு முடியாது. அடுத்த குறுவைக்கு முன்னால் ஒவ்வொரு தெருவிலும் உட்காருங்கள். யாருக்கு எத்தனையாவது வாரத்தில் ஸ்கேன் நடந்தது, போகச் சொன்ன நாளுக்கும் போக முடிந்த நாளுக்கும் நடுவில் எத்தனை நாள், அந்த நாட்களை எது தின்றது என்று பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். பெண்களே எழுதட்டும். கூலி வராததா, பஸ் வராததா, டாக்டர் வராததா? ஊர் ஊராக அந்தக் கணக்கு சேர்ந்தால் போதும். தாமதத்தின் சாதி எது என்று அப்புறம் நாம் யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனை வாசலில் போய் உட்காருவோம். இந்த முறை கதவு சாத்துவதற்கு முன்னால்.